டீச்சரம்மா அசையவில்லை

டொக்டொக்டொக்டொக் என்று அது அடித்துக்கொண்டே இருந்தது. பண்ணாரி ரிசீவரின் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தாள். சத்தம் குறைந்தது, வேகம் குறையவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அப்போதும் கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஏதோ பூச்சி மாட்டிக்கொண்ட மாதிரி அடித்தது. இருட்டு விலகுகிற நேரத்தில் பாறைமேல் ஏறி உட்கார்ந்து, மீன்முள் மாதிரி இருக்கிற ஆன்டெனாவை ஆற்றுப் பக்கம் திருப்பி சுவிட்சைப் போட்டதும் இதுதான் கேட்டது. நேற்று சாயங்காலம் வரைக்கும் டொக்... டொக்... என்று, சாப்பிட்டுவிட்டுக் காலார நடக்கிற ஆள் மாதிரி நிதானமாக இருந்த தாளம் ராத்திரிக்குள் மாறிவிட்டது. பாறுக் கழுகின் முதுகில் கட்டியிருக்கிற அந்தச் சின்னப் பொட்டிக்கு ஒரே ஒரு புத்திதான். கழுகு அசைந்துகொண்டிருந்தால் மெதுவாக அடிக்கும். ரொம்ப நேரம் அசையாமல் கிடந்தால் வேகமாக அடிக்கும். வேகமாக அடித்தால் செத்துப்போச்சு, போய்ப் பொறுக்கிக்கொள் என்று அர்த்தம். ஆபீசில் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு. பெள்ளன் அண்ணன் வைத்த பேர் சாவுமேளம். அவர் அந்தப் பேரை வைத்த அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், பண்ணாரியும் சிரித்தாள், ஏனென்றால் அன்றைக்கு எந்தக் கழுகும் சாகவில்லை.

கீழே மோயாறு இருக்கிறதா என்றே தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம் அடைத்துக் கிடந்தது. ராத்திரி மழை விட்டுப் போன ஈரம் எல்லாம் எழுந்து வந்து பாறைக்குக் கீழே படுத்துக்கொண்ட மாதிரி. காலைத் தொங்கப்போட்டால் பாதம் காணாமல் போய்விடும்போல. எதிர்க்கரை ஓரத்தில் நீர்மருது மரங்கள் நிற்கின்றன, அதில் கிளை விரிந்த பெரிய மரத்தில்தான் அது இருக்கிறது. ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினால் மேளம் கூடுகிறது, தள்ளினால் குறைகிறது. மரம் தெரியவில்லை, சத்தம் மட்டும் இருக்கிறது. சத்தத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செத்த மாடு எங்கே கிடந்தாலும் இறங்கி எலும்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டுப் போகிற பறவை. முன்னாடி வானம் கொள்ளாமல் இருந்ததாம். மாட்டுக்குப் போடுகிற வலி ஊசி ஒன்று மாட்டுக்குள் தங்கி, மாடு செத்து, அதைத் தின்ற கழுகெல்லாம் கழுத்தைத் தொங்கப்போட்டுத் தொங்கப்போட்டு விழுந்து, இப்போது கூண்டில் குஞ்சு வளர்த்துக் காட்டில் கொண்டுவந்து திறந்துவிடுகிறார்கள். திறந்துவிட்டதில் ஒன்று இது. இதைப் பார்த்துக்கொள்வது பண்ணாரியின் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் பார்ப்பது, அவ்வளவுதான். சோறு ஊட்ட முடியாது, கூப்பிட்டால் வராது, செத்தால் அழக் கூடாது. அழக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வேலை என்று வந்தபிறகு அழுதால் கேவலமாக இருக்கும்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அம்மிணி, கேக்குதா?" பெள்ளன் அண்ணன். அவர் பக்கத்துக் காட்டுக் குடியிருப்பான தொட்டியைச் சேர்ந்தவர், அவளுக்கு முன்னாலிருந்தே இந்த வேலையில் இருப்பவர். சாவுமேளம் கேட்டதும் பரிசல் துறைக்கு இறங்கிவிட்டார், ஆற்றைத் தாண்டி மரத்தடிக்குப் போய்ப் பார்க்க. "கேக்குதுங்ணா." "இன்னும் அதே மேளந்தானா?" "அதேதான்." "சரி சரி. பரிசல்காரன் இன்னும் எந்திரிக்கல. அவன் பொண்டாட்டி என்னைப் பார்த்துட்டு, காலங்காத்தால பொணம் பொறுக்கப் போறவனுக்கெல்லாம் எம் புருசன் வரமாட்டான்ங்குது." "நீங்க என்ன சொன்னீங்க?" "உம் புருசனும் பாதிப் பொணந்தான், எழுப்பி விடு, சேர்த்துப் பொறுக்கிக்கறேன்னேன்." பண்ணாரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "எடத்தை விட்டு எந்திரிக்காத. திசை மாறுச்சுன்னா சொல்லு." சரி என்றாள். திசை எப்படி மாறும்? செத்தது எங்கே போகும்? அவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சொல்கிறார்.

எந்திரிக்காத. பண்ணாரிக்குப் பிடிக்காத வார்த்தை. பள்ளிக்கூடத்தில் அவளுடைய வியாதியே அதுதான். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடும், கால் நின்றால் கை ஆடும், கை நின்றால் ஜன்னலுக்கு வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்துத் தலை ஆடும். அசையாம உக்காரு பண்ணாரி. அசையாம உக்காரு. கணக்கு டீச்சர் கழுத்தில் வெள்ளை மப்ளர் சுற்றிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, மூக்கு நுனியால் பார்ப்பார். ப்ளஸ் ஒன் பாதியில் ஒரு நாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். யாரும் துரத்தவில்லை, யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை, அதில்தான் கொஞ்சம் கோபம். அப்புறம் இந்த வேலைக்கு வந்து முதன்முதலாக பைனாகுலரில் இந்தக் கழுகைப் பார்த்தபோது கொள்ளென்று சிரித்துவிட்டாள். மொட்டைக் கழுத்து, அதன் அடியில் வெள்ளை மப்ளர், குறுக்கிய தோள், அதே மூக்கு. ரெக்கையில் நம்பர் அட்டை இருக்கிறது, ஆபீசில் நம்பரைத்தான் சொல்வார்கள். பண்ணாரிக்கு அது டீச்சரம்மா. வேடிக்கை என்னவென்றால், அசையாமல் உட்கார முடியாது என்று எழுந்து வந்தவளுக்குக் கிடைத்த வேலை பாறைமேல் அசையாமல் உட்காருவது. உட்கார்ந்தாள். எப்படி முடிந்தது என்று அவளுக்கே தெரியாது. பார்க்க ஏதாவது இருந்தால் கால் ஆடாதோ என்னவோ. பள்ளிக்கூடத்தில் அசையாமல் இருந்தால் நல்ல பிள்ளை. இந்தப் பொட்டிக்கு அசையாமல் இருந்தால் பிணம். டீச்சரம்மா, நீங்க சொன்னதைத்தான் நீங்களே செய்யறீங்களா, கால ஆட்டுங்க டீச்சர், கைய ஆட்டுங்க, ஜன்னலுக்கு வெளிய பாருங்க, பஸ் போகுது.

கூண்டைத் திறந்த அன்றைக்கும் இது இப்படித்தான். மற்றதெல்லாம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தன, ஒன்று குதித்தது, ஒன்று பறந்துபோய் அடுத்த மரத்தில் மோதிக்கொண்டது. இது மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. கதவு திறந்திருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லையா, தெரிந்தும் போகவில்லையா. மறுநாள் வெயில் ஏறினபிறகு வாசல்வரை நடந்து வந்து, தலையை நீட்டி, வானத்தை ஒரு பக்கக் கண்ணால் பார்த்தது. அப்புறம் போனது. போனது என்றால் விழுந்தது, விழுந்த வாக்கிலேயே ரெக்கை காற்றைப் பிடித்துக்கொண்டது. இதெல்லாம் பிழைக்காது என்றார்கள். பிழைத்தது. காட்டுக் கழுகுகளோடு சேர்ந்து தின்னப் பழகியது. சேர்க்காது என்றார்கள், ஒரு காட்டு ஆண் இதன் பின்னாலேயே திரிந்தது. போன மாதம் வாயில் இலையோடு ஒரு குச்சியைத் தூக்கிக்கொண்டு இங்குமங்கும் பறந்தபோது பண்ணாரி பெள்ளன் அண்ணனிடம், "கூண்டுல வளர்ந்ததுக்கு வெளையாட்டப் பாருங்ணா, விறகு பொறுக்குது" என்றாள். அவரும் சிரித்தார். கூண்டில் இன்னும் ஒரு செட் இருக்கிறது, கதவு திறப்பதற்குக் காத்துக்கொண்டு. இது விஷத்தில் செத்தது என்று தெரிந்தால் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள். இந்தக் காடு இன்னும் சரியாகவில்லை என்று எழுதிவிடுவார்கள், அதோடு முடிந்தது. முடிந்தது. முடிச்சாச்சு. அந்த வார்த்தை வந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள், அது மூட்டத்துக்குள்ளிருந்து தானாக ஏறி வந்து பாறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

முடிச்சாச்சு என்று சொன்னது அவள் அண்ணன் குருநாதன். முந்தாநாள் ராத்திரி. நனைந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். அவர்கள் வீட்டுப் பசு மறச்சி செத்த அன்றைக்கு. செவலை உடம்பில் வெள்ளை மறை விழுந்த மாடு, அதனால் மறச்சி. மேயப் போன இடத்தில் சறுக்கி விழுந்து இடுப்பு விட்டுப்போய், எழ முடியாமல் மாட்டுக் கொட்டத்தில் கிடந்தது. ராத்திரியெல்லாம் முனகும். அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாதான் ஊசிக்காரரைக் கூப்பிட்டு விட்டாள். எதையாவது போடுங்க சாமி, அது கத்தறது எனக்குக் கேக்க முடியல என்றாளாம். அவர் எதையோ போட்டார். மறச்சி கத்துவதை நிறுத்தியது, அடுத்த நாள் மூச்சையும் நிறுத்தியது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பண்ணாரி தண்ணித் தொட்டிக்கு அடியில் அந்தச் சின்ன பாட்டிலைப் பார்த்தாள். எடுத்துப் படித்தாள். ப்ளஸ் ஒன் பாதிக்கு அவ்வளவு படிக்கத் தெரியும். மனுசருக்குப் போடுகிற டைக்ளோ. மாட்டுக்குப் போடக் கூடாது என்று தடை செய்த அதே மருந்து. ஊர் ஊராகப் போய் அவள் வாயால் சொல்லிக்கொண்டு வருகிற அதே பேர். இந்த ஊசி போட்ட மாடு செத்தா பள்ளத்துல போடாதீங்க, ஆழமா குழி வெட்டிப் பொதைங்க, கழுகு தின்னா கழுகு செத்துரும். போஸ்டர்கூட ஒட்டுவாள். அவள் வீட்டுக் கொட்டத்துக் கதவிலும் ஒன்று ஒட்டியிருந்தாள். மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு மறச்சி அதை நக்கி நக்கியே தீர்த்துவிட்டது. கழுகின் கால் மட்டும் கதவில் மிச்சம்.

அந்த பாட்டில் இப்போது அவள் பையில் இருக்கிறது. டிபன் பாக்ஸுக்கு அடியில், துண்டில் சுற்றி. ஏன் எடுத்து வந்தாள் என்று தெரியாது. வீட்டில் வைக்க முடியவில்லை, எறியவும் முடியவில்லை. அண்ணனிடம் சொன்னாள். சொல்லத்தான் செய்தாள். "ஆழமா பொதைக்கோணும்ணா, பள்ளத்துல போட்றாத." "எனக்குத் தெரியாதாக்கும், நீ போஸ்டர் ஒட்டறது ஊருக்கு, எனக்கில்ல" என்றான். டிராக்டர் சத்தம் போனது. மழை வந்தது. டிராக்டர் சத்தம் திரும்பி வந்தது. முடிச்சாச்சு. அவள் பாயில் படுத்திருந்தாள். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் உள்ளே வந்தான், அம்மா அழுதுகொண்டே அவனுக்குச் சோறு போட்டாள், பண்ணாரி படுத்தபடியே மூலையைப் பார்த்தாள், மூலையில் மம்பட்டி சாத்தியிருந்தது. காஞ்சு கிடந்தது. அவன் நனைந்திருந்தான், டிராக்டர் நனைந்திருந்தது, மம்பட்டி காஞ்சு கிடந்தது. அதன் வாயில் போன வாரத்து மண் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வேற மம்பட்டி இருக்கும், யார்கிட்டயாவது வாங்கியிருப்பான். ஜேசிபி கிடைச்சிருக்கும். மழைல எங்க ஜேசிபி. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. மம்பட்டி ஏண்ணா காஞ்சிருக்கு. கேட்டால் அவன் சொல்லிவிடுவான், அவனுக்குப் பொய் வராது, முடிச்சாச்சு என்பதுகூடப் பொய்யில்லை, என்னத்தையோ முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். சொல்லிவிட்டால் அவள் எழுந்திருக்க வேண்டும். அந்த மழையில், அந்த இருட்டில். அம்மாவுக்காக, அண்ணனுக்காக என்று இப்போது ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை இதுதான்: பாய் சூடாக இருந்தது. உட்காரச் சொன்னால் எழுந்து ஓடுகிறவளுக்கு அன்றைக்கு மட்டும் எழ மனசு வரவில்லை. நேற்று முழுக்கப் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருந்தாள். வானத்தில் கழுகு எதுவும், ஊரில் செத்த மாட்டைத் தள்ளுகிற பெரும்பள்ளத்துப் பக்கம் இறங்கவில்லை என்று தானே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்தப் பக்கம் அவள் பைனாகுலரைத் திருப்பவே இல்லை.

டொக்டொக்டொக்டொக். மூட்டம் கொஞ்சம் வெளுத்தது. வெளுத்ததும் இன்னும் அடர்த்தியானது மாதிரி இருந்தது, பால் திரளுகிற மாதிரி. கண் செருகியது. மூட்டத்துமேல் மறச்சி நடந்து வந்தது. இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. ஒரு குளம்பை எடுத்து வெள்ளையில் வைக்கும், வெள்ளை தாங்கும், அடுத்ததை எடுத்து வைக்கும். அதன் முதுகில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தது, மப்ளரோடு. மாடு நின்று, தலையைத் திருப்பி, டீச்சரம்மாவின் காலை நக்கியது, பசை ஒட்டியிருக்கிற மாதிரி. நக்க நக்கக் கால் கரைந்தது, ரெக்கை கரைந்தது, கழுத்து கரைந்தது, மூக்கு மட்டும் பாக்கி. நக்காத மறச்சி, நக்காத. அசையாம உக்காரு பண்ணாரி என்றது மூக்கு. உக்காந்துதான் இருக்கேன் டீச்சர். எதுக்கு உக்காந்திருக்க? பார்க்கறதுக்கு. எதைப் பார்த்த? மம்பட்டியப் பார்த்தேன். பார்த்தியா, பார்த்துட்டு என்ன பண்ண? தலை முன்னால் சரிந்து விழித்துக்கொண்டாள். பாறையின் ஈரம் பாவாடை வழியாக ஏறித் தொடை விறைத்திருந்தது. எங்கேயோ மரகதப்புறா கூவியது. மேளம் நிற்கவில்லை.

வாக்கி. "அம்மிணி, எறங்கிட்டேன் எதிர்க்கரைல. மூட்டத்துல எம் மூக்கே எனக்குத் தெரியல. பக்கத்துல ஆனை வாசம் வேற அடிக்குது." "பாத்துப் போங்கண்ணா." "நான் எங்க பாக்கறது, அதுதான் என்னைப் பாத்துட்டுப் போகோணும்." அவர் மூச்சு வாங்கியது கேட்டது. "ஏம்புள்ள, ஒரு மாதிரி பேசறே? அழுவறியா?" "இல்லிங்ணா." "செத்தா சாவுது விடு. வயசாகிச் சாவறதுமுண்டு." வயதாகிச் சாகிற கழுகா அது. சமாதானம் சொல்லும்போது பெள்ளன் அண்ணனுக்கு மூளை வேலை செய்யாது. பண்ணாரி வாக்கியின் பட்டனில் கட்டைவிரலை வைத்தாள். அமுக்கினால் போதும். அண்ணா, எங்க மாடு. அவ்வளவு சொன்னால் போதும், மிச்சம் அவருக்கே புரியும். அமுக்கவில்லை. அமுக்கினால் ஆபீசுக்குப் போகும், ஊசிக்காரருக்குப் போகும், அம்மாவுக்கு வரும். மடியில் மாட்டுத் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா. போஸ்டர்காரி வீட்டுலயே பார்த்தியா என்று தொட்டி முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும். சிரிப்பதுகூடப் பரவாயில்லை. பெள்ளன் அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பயம். மரத்தடியில் குனிந்து டீச்சரம்மாவைத் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே சும்மா இருப்பார். பண்ணாரி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். சரி, ஒன்று செய்யலாம். அது உயிரோடு இருந்தால் சொல்லிவிடுகிறேன். செத்திருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் தெரியட்டும். பேரம் யாரோடு பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூட்டத்தோடு பேசினாளோ என்னவோ.

வெயில் வந்ததை அவள் பார்க்கவில்லை, முதுகில்தான் உணர்ந்தாள். மூட்டம் கரையத் தொடங்கியது. முதலில் எதிர்ப்பாறையின் நெற்றி, அப்புறம் மூங்கில் தூரு, அப்புறம் ஆறு ஒரு கோடாக. நீர்மருதின் உச்சி கறுப்பாக மேலே வந்தது, தண்ணீரில் முங்கி எழுகிறவளின் தலை மாதிரி. பைனாகுலரைத் தூக்கினாள், மரம் துள்ளியது. முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். கவட்டையில் குச்சிக் குவியல் ஒன்று. அதன்மேல் கறுப்பாக, தட்டையாக, கிடந்தது. உட்கார்ந்திருக்கவில்லை, கிடந்தது. கழுத்தைக் காணவில்லை. கழுத்து தொங்கிவிட்டதா. சாகப் போகிற கழுகு கழுத்தைத் தொங்கப்போடும், அவளே எத்தனை வீட்டு வாசலில் தன் கழுத்தைத் தொங்கப்போட்டு நடித்துக் காட்டியிருக்கிறாள், பிள்ளைகள் சிரிக்கும். டொக்டொக்டொக்டொக். கையில் பைனாகுலர், கழுத்தில் மேளம், பையில் பாட்டில். அந்தக் கறுப்பையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது கழுகு மாதிரி இல்லாமல் போனது, நனைந்த சாக்கு, கரி, அடுப்பில் விழுந்த துணி. ஆமாம் அம்மா, ஆமாம் அண்ணா, நாமதான். அப்போது மேலிருந்து ஒரு நிழல் மரத்தில் இறங்கியது.

அந்தக் காட்டு ஆண். பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தான், பெரிய உடம்பு கிளையை ஆட்டியது. குச்சிக் குவியலை நோக்கித் தலையை நீட்டினான். கறுப்புச் சாக்கு அசைந்தது. ஒரு பக்கம் மேலெழும்பியது, ரெக்கைக்குள் சொருகியிருந்த கழுத்து வெளியே வந்தது, மொட்டைத் தலை நிமிர்ந்தது, வெள்ளை மப்ளர், குறுக்கிய தோள், அந்த மூக்கு. டீச்சரம்மா எழுந்து நின்றது. காலுக்கு நடுவில், குச்சிமேல், வெள்ளையாக ஒன்று. பண்ணாரிக்கு முதலில் புரியவில்லை. எலும்பு என்று நினைத்தாள். அப்புறம் வாக்கி அலறியது. "முட்டை! அம்மிணி, முட்டை! அடியேய், அடைகாக்குதுடி! ராத்திரியெல்லாம் அடைகாத்திருக்குது, அசையாம! சாவுமேளமாம் சாவுமேளம், தாலாட்டுடி அது!" அவர் மரத்துக்குப் பின்னால் மேட்டில் எங்கேயோ புதருக்குள் குதிப்பது கிளை ஆடுவதில் தெரிந்தது, ஆனை இருந்தால் அதுவும் ஓடியிருக்கும். மேளம் தடுமாறியது, நின்றது, மறுபடி ஆரம்பித்தது. டொக்... டொக்... டொக்... பண்ணாரி அழுதாள். வேலையாவது மண்ணாவது, மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். விறகு பொறுக்குது என்றேனே. கூண்டில் பிறந்ததுக்கு எவள் கற்றுக்கொடுத்தாள், இத்தனை நேரம் மழையில் அசையாமல். சாகவில்லை. யாரும் யாரையும் கொல்லவில்லை. பொதைத்துத்தான் இருப்பான். வேற மம்பட்டிதான். சொல்ல வேண்டியதே இல்லை, சாயங்காலம் பாட்டிலை ஆற்றில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்.

"மாப்பிள்ளையப் பாரு அம்மிணி" என்றார் பெள்ளன் அண்ணன், வாக்கியில் வாயெல்லாம் பல். "நேத்து எங்கயோ விருந்து. தொண்டை தள்ளிக்கிட்டு நிக்குது. கர்ப்பிணி மாதிரி நடக்கறான்." பண்ணாரி பைனாகுலரை ஆண்மேல் திருப்பினாள். கழுத்துக்கு அடியில் இரைப்பை பந்து மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. அழுகை அப்படியே நின்றது. "எங்க தின்னானோ" என்றார் அவர், பாட்டு மாதிரி. "செந்நாய் ஏதாச்சும் மானை அடிச்சிருக்கும்." ஆமாம். செந்நாய். செந்நாய் அடித்திருக்கும், இந்தக் காட்டில் செந்நாய் அடிக்காத நாள் உண்டா. அவர் பாய் போட்டுக் கொடுத்துவிட்டார், சூடான பாய், படுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண் குவியலில் ஏறி, முட்டையை அலகால் மெதுவாகப் புரட்டி, அதன்மேல் உட்கார்ந்தான். அவன் முதுகில் பொட்டி இல்லை. காட்டில் பிறந்தவன். அவன் செத்தால் எந்த மேளமும் அடிக்காது. யாருக்கும் கேட்காது. டீச்சரம்மா பக்கத்தில் பட்டுப்போன கிளைக்குத் தாவி, நனைந்த ரெக்கை இரண்டையும் விரித்து, வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நேற்றிலிருந்து தின்னவில்லை. ரெக்கை காய்ந்ததும் பசியோடு கிளம்பும், நேற்று இவன் எங்கே இறங்கினானோ அதே இடத்துக்கு. பண்ணாரியின் கட்டைவிரல் பட்டனை அமுக்கியது. அமுக்கியபிறகுதான் அமுக்கிவிட்டோம் என்று தெரிந்தது.

"அண்ணா, எங்க மறச்சி செத்துப்போச்சு முந்தாநாள்." கரகரப்பு. "டைக்ளோ போட்டிருக்காங்க. பாட்டில் எங்கிட்ட இருக்குது." குதிப்பு நின்றது, கிளை நின்றது. அவள் பயந்த அந்த அமைதி வந்தது, நினைத்ததைவிட நீளமாக. "எங்க போட்டாங்க?" "தெரியல. நான் கேக்கல." "கேளு." அவ்வளவுதான் சொன்னார். பாறையின் நுனியில் எழுந்து நின்று கையை உயர்த்தினால்தான் போனுக்கு டவர் கிடைக்கும். எழுந்தாள், கால் மரத்துப்போய்க் குத்தியது. ஸ்பீக்கரைப் போட்டாள். "என்னம்மிணி, காலங்காத்தால?" பின்னால் டிராக்டர் இரைச்சல். "மம்பட்டி ஏண்ணா காஞ்சு கெடந்துச்சு?" டிராக்டர் அணைந்தது. "அந்த மழைல எவன்டி குழி வெட்டுவான். வெட்டுன எடமெல்லாம் பாறை. பெரும்பள்ளத்துல தள்ளிட்டேன்." அவன் குரல் சின்னதாகிவிட்டது. "என்னாச்சு, எதுவும் செத்துப்போச்சா?" "இன்னும் இல்ல. ஒண்ணு தின்னுட்டு வந்திருக்குது, இன்னொண்ணு கெளம்பப் போகுது. டிராக்டர எடுத்துட்டு வா. மம்பட்டி, கடப்பாரை, தார்ப்பாய், வீட்ல இருக்கறதெல்லாம் எடுத்துட்டு வா. அம்மாவையும் கூட்டிட்டு வா." "அம்மா எதுக்குடி?" "தார்ப்பாய் புடிக்க ஆள் வேணும். வாண்ணா." வாக்கியில் பெள்ளன் அண்ணன், "ரெண்டையும் நான் இங்கிருந்து பார்த்துக்கறேன், நீ ஓடு" என்றார்.

ஆன்டெனாவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, பண்ணாரி பாறையிலிருந்து குதித்து ஓடினாள். உண்ணிச்செடி முகத்தில் அடித்தது, செருப்பு ஒன்று எங்கேயோ போயிற்று. பெரும்பள்ளம் மேட்டுக்கு அந்தப் பக்கம். வெயில் நன்றாக ஏறிவிட்டது, இலையில் தண்ணீர் காய்கிறது, அங்கே ரெக்கையும் காய்ந்துகொண்டிருக்கும். டொக்... டொக்... இன்னும் அதே கிளையில்தான். டொக்... டொக்... மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது, மூச்சோடு மூச்சாக வாய் எதையோ சொல்லிக்கொண்டே வந்தது, என்ன சொல்கிறோம் என்று உச்சிக்கு வந்தபிறகுதான் அவள் காதில் விழுந்தது: அசையாம உக்காருங்க டீச்சர். கொஞ்ச நேரம். நான் போற வரைக்கும் அசையாம உக்காருங்க.